பொறுக்கும் அறையில் ஒரு தாளப்பெட்டி

அன்புள்ள சரோஜாக்கா,

முதலில் உனக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மறைத்து வைத்தான் என்பாய். தை பிறந்ததும் பொறுக்கும் அறையை மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு காண்டிராக்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் தங்குவதற்கு இரண்டு ரூம் தேறும், ஜன்னலை அகலப்படுத்தினால் ஏரியின் ஒரு ஓரம் தெரியும், சனி ஞாயிறு காலியாகவே கிடக்காது என்றார். தப்பான யோசனை இல்லை. நீ இருந்திருந்தால் முறத்தை எடுத்துக்கொண்டு அவரை வாசல் வரை துரத்தியிருப்பாய். நீ இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, பொங்கல் கழித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

இதை வேறு ஆட்களும் படிப்பார்கள். அவர்களுக்காக இரண்டு வரி. சேலம் பக்கம் குப்பனூரிலிருந்து மலையேறி வந்தவர்கள் நாம். காப்பி, மிளகு வியாபாரம்; முன்னால் தைலமும் விற்கிற ஒரு கடை, பின்னால் காயவைக்கும் களமும் அந்த அறையும். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி வாங்குவது என் வேலை. வாங்கியது காய்ந்து, தோல் நீங்கி வந்த பிறகு, அறைக்குள் பெண்களோடு உட்கார்ந்து கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பது உன் வேலை. நம் சரக்குக்குச் சேலத்தில் பெயர் வந்தது அந்த அறையால்தான். என் வாயால் என்று ஊரில் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை.

நீ போனது போன வருஷம் ஐப்பசியில், சீசன் தொடங்குகிற நேரத்தில். பெண்கள் வழக்கம் போல வந்தார்கள். உட்கார்ந்தார்கள், பொறுக்கினார்கள், போனார்கள். ஆனால் ஒருத்தியும் பேசவில்லை. நீ உட்காரும் மூலையில் யாரும் உட்காரவும் இல்லை. துக்கம், கொஞ்ச நாளில் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

சரியாகவில்லை. கிளியூர் ரோசாலி போனில் மாதா கோயில் பாட்டு வைத்தாள். தலைச்சோலை செல்வி அதைவிடச் சத்தமாகச் சினிமாப் பாட்டு வைத்தாள். இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் ஆளுக்கொரு ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டார்கள். ஒரே அறையில் ஆறேழு பேர், ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். நடுவில் கறுப்புக் கொட்டை தப்பிப் போயிற்று. சேலத்துத் தூள் கடைக்காரர் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பினார். நம் பெயர் போட்ட மூட்டை திரும்பி வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இந்த சீசன் தொடங்கும்போதே ரோசாலி சொன்னாள், ரிசார்ட்டில் ரூம் பெருக்க ஆள் கேட்கிறார்களாம், யூனிபார்ம் கொடுக்கிறார்களாம் என்று. "அங்க பேச்சுத் துணைக்காச்சும் ஆளு இருக்குதுங்க தம்பி" என்றாள். ரோசாலி போனால் செல்வி போவாள். செல்வி போனால் மற்றவர்கள் நிற்க மாட்டார்கள். ஆள் இல்லாத அறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சேலத்தில் கொட்டையின் நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷின் இருக்கிறது. அதில் கொடுத்தால் வேலை முடிந்தது. காண்டிராக்டரை வரச் சொன்னது அப்போதுதான்.

உன் வருஷ திதிக்குக் கவிதா பெங்களூரிலிருந்து வந்தாள். உன் மகள் இளைத்திருக்கிறாள். கேட்டால் டயட்டாம். காரியம் எல்லாம் முடிந்து, சாப்பிட்டவர்கள் போன பிறகு, கடையில் வந்து உட்கார்ந்து ஏதோ ஒன்றை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு அது, கால்குலேட்டரா?"

"வாத்தியம் மாமா."

"வாத்தியமா? எந்தப் பக்கம் ஊதறது?"

"ஊத வேண்டாம், அமுக்கினாப் போதும்."

வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. மூடி கிடையாது. கம்பியும் சில்லும் வெளியே தெரிகிறது, ரிப்பேர் கடையில் பாதியில் விட்ட சாமான் மாதிரி. மேலே ஒரு சின்னக் கண்ணாடி, இரண்டு திருகு, கீழே பதினாறு பொத்தான், பொத்தானுக்கு ஒரு சிவப்பு விளக்கு. பின்பக்கம் இரண்டு பென்சில் பேட்டரி. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் இதை வைத்து விளையாடினால் தலைபாரம் இறங்குகிறது என்றாள். நாலைந்து பொத்தானைத் தட்டினாள். டம் டக், டம் டம் டக் என்று அது பாட்டுக்கு அடிக்கத் தொடங்கிற்று. கையை எடுத்துவிட்டாள். அது நிற்கவில்லை.

"இதுக்குப் பேரு லூப்பு மாமா. நிறுத்தற வரைக்கும் சுத்திச் சுத்தி வரும்."

"யாரு பாட்டு இது?"

"யாரு பாட்டும் இல்ல. இப்ப நான் போட்டது."

யார் பாட்டும் இல்லை. இந்த வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. ரோசாலி பாட்டும் இல்லை, செல்வி பாட்டும் இல்லை, ஆனால் அறையில் ஒரு சத்தம் ஓடும். காதிலிருந்து ஒயரைக் கழற்றினால் கண் கொட்டையில் இருக்கும். எனக்கு இதைக் கற்றுக்கொடு என்றேன். கவிதா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஏன் பார்க்க மாட்டாள்? கோயில் பஜனையில் என்னைத் தாளம் தட்டாமல் சும்மா இருக்கச் சொன்னவள் நீதானே. பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். விலை கேட்டேன், சொல்லவில்லை. அதுவும் உன்னைப் போலத்தான்.

கற்றுக்கொள்வது நான் நினைத்த மாதிரி இல்லை, அக்கா. வாத்தியம் என்றால் வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரைக்கும் கல்யாண வீட்டுத் தவில்காரன் மாதிரி விடாமல் பொத்தான்களை அடித்தேன். அடித்தது எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த சுற்றில் மொத்தமும் ஒரே கூட்டமாகத் திரும்பி வந்தது. தகரக் கூரையில் தேங்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய மாதிரி. அந்த நேரம் பார்த்து மிளகு சாம்பிளோடு, தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் உள்ளே வந்தார்.

"ஏனுங்க மொதலாளி, டிவி ரிமோட்டு கெட்டுப் போச்சுங்களா?"

"வாத்தியம் பழகறனுங்க."

அவர் மிளகை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப அடிங்க, கேப்போம். வெல அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அன்றைக்கு அவரிடம் என்னால் அழுத்திப் பேரம் பேச முடியவில்லை. சிரிக்கிற ஆளிடம் பேரம் படியாது.

போனில் கவிதாதான் விளங்க வைத்தாள். "மாமா, நம்ம ஊரு மினி பஸ்ஸ நெனச்சுக்கங்க. பதினாறு ஸ்டாப்பு. பஸ்ஸு நிக்காம சுத்திக்கிட்டே இருக்கு. நீங்க பஸ்ஸ ஓட்ட வேண்டாம். எந்த ஸ்டாப்புல யாரு நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க. பஸ்ஸு அங்க வர்றப்பல்லாம் அந்த ஆளு ஒரு சத்தம் குடுப்பான்." அதன் பிறகு பிடிபட்டது. முதல் நிறுத்தத்தில் ஒரு தடியன். நடுவில் இன்னொருவன். இடையில் மெலிந்த ஆட்கள் இரண்டு பேர். மற்ற நிறுத்தங்களில் யாரும் வேண்டாம். வியாபாரத்தில் ஆள் நிறுத்துவதும் இப்படித்தான். எங்கே நிறுத்தக் கூடாது என்பதுதான் கஷ்டம்.

சத்தங்களையும் நாமே பிடித்துப் போடலாம் என்றாள் கவிதா. காப்பிக் கொட்டையைப் படிக்குள் கொட்டிப் பிடித்தேன். சாக்குமூட்டையைக் கீழே போட்டுப் பிடித்தேன். தராசுச் சங்கிலி உரசுவதைப் பிடிக்கும்போது கூரையில் ஒரு குரங்கு குதித்து அதுவும் கூடவே சேர்ந்துவிட்டது. நன்றாக இருந்தது. விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் கேட்டாள். "மாமா, அம்மா வாய்ஸ் உங்க போன்ல ஏதாச்சும் இருந்தா அதையும் போடலாம். 'ஏப்புள்ள'ன்னு அம்மா கூப்புடுவாங்கல்ல, அது ஒண்ணு இருந்தாப் போதும்."

வேண்டாம் என்றேன். உன் குரல் என் போனில் இருக்கிறது. லோடு வந்துவிட்டதா, சாப்பிட்டாயா, அந்த ஆளை நம்பாதே. எல்லாம் இருக்கிறது. ஆனால் அதை வெட்டி எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கூப்பிட வைத்தால், செத்த பிறகும் உன்னை வேலைக்கு வைத்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பெண்களும் ஓடிப் போவார்கள். கவிதா "செரிங்க மாமா" என்றாள்.

மார்கழியில் ஒரு நாள் காலை, பெட்டியையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் கொண்டுபோய் அறை ஜன்னலில் வைத்தேன். ஓட விட்டேன்.

"மொதலாளி, கெணத்து மோட்டார உள்ளாற கொண்டாந்துட்டீங்களா?" என்றாள் செல்வி. கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "அய்யோ, நம்ம கொரங்கு! அதையும் வேலைக்குச் சேத்துட்டீங்களா? அதுக்கும் நாள் கூலிதானுங்களா?" என்றாள்.

ரோசாலி காது ஒயரைக் கழற்றி இடுப்பில் செருகினாள். மற்றவர்களும் கழற்றினார்கள். மத்தியானத்துக்குள் ஒரு காரியம் நடந்தது. அவர்களே அறியாமல் கைகள் தாளத்துக்கு இறங்கின. டம், ஒரு கொட்டை. டக், ஒரு கொட்டை. வாசலில் நின்று பார்த்த எனக்கு உள்ளே ஒரு மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. சுத்தமாகவும் பொறுக்கியிருந்தார்கள். அந்த வாரம் போன சரக்கைப் பார்த்துவிட்டுத் தூள் கடைக்காரர் போன் போட்டு, "பழைய கை திரும்பி வந்துருச்சுங்களே" என்றார்.

இந்த இடத்தில் நீ நிமிர்ந்து உட்கார்வாய் என்று தெரியும். உன் தம்பியை உனக்குத் தெரியாதா? தாளத்துக்குக் கை போகிறது. தாளத்தின் வேகத்துக்கு ஒரு திருகு இருக்கிறது. அந்தத் திருகு என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. நான் வேறு என்ன செய்வேன்? தினமும் காலையில் பெட்டியைப் போடும்போது ஒரு மயிரிழை திருப்பினேன். ஒரு மயிரிழைதான். முறங்கள் சீக்கிரம் காலியாயின. காண்டிராக்டர் போன் செய்தபோது, கொஞ்சம் பொறுங்கள், யோசிக்கிறேன் என்றுகூடச் சொன்னேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ரோசாலி பொறுக்குவதை நிறுத்திக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க தம்பி, இந்தப் பொட்டிக்குக் காச்சலுங்களா?"

"ஏனுங்க்கா?"

"நாடி நொம்ப வேகமா அடிக்குதுங்களே."

"அதே வேகந்தானுங்க்கா."

"அதேங்களா?" அவள் குரலில் கோபமே இல்லை. "மொத நாளு எங்க கோயில் பாட்டு ஒண்ணு இதுக்குள்ள பொருந்துச்சுங்க. சத்தமில்லாம வாய்க்குள்ளயே பாடிட்டு இருந்தேன். இப்பப் பாடுனா மூச்சு வாங்குது. பாட்டு மாறலீங்க. எனக்கும் ஒரு மாசத்துல வயசு ஏறலீங்க."

செல்வி முறத்தைத் தட்டென்று கீழே வைத்தாள். "அட! மாட்டுக்குத் தார்க்குச்சி, நமக்கு டம்மு டக்குங்களா?"

மாட்டிக்கொண்டால் சிரித்துவிடுவது என் வழக்கம். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். சிரித்தேன். கூட யாரும் சிரிக்கவில்லை. திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, "இந்தாங்க, மொத நாள் மாதிரியே வெச்சாச்சு" என்றேன்.

"வேகத்துக்கு மட்டும் சொல்லலீங்க தம்பி" என்றாள் ரோசாலி. "மொத வாரமும் இப்புடித்தான். சாயங்காலமானா மண்ட விண்ணு விண்ணுனு தெறிக்குது. கண்ணு எரியுது. ஊட்டுக்குப் போயி அரிசியில கல்லுப் பாக்க முடியல. பொங்கலுக்குப் போறோம். திரும்பி வரலீங்க." எழுந்து போய், காலி முறத்தை எடுத்து ஸ்பீக்கர் மேல் கவிழ்த்தாள். முறத்துக்கு அடியில் அது டம் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கே பார்க்க ஒரு மாதிரி இருந்தது. போய் நிறுத்தினேன்.

வராமல் எங்கே போவார்கள், பேரத்துக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். தலைவலி, கண் எரிச்சல் எல்லாம் ரிசார்ட்டுக்குப் போவதற்குச் சொல்கிற சாக்கு. அதை எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மாட்டுப் பொங்கல் அன்றைக்குக் களத்தில் ஆள் இல்லை. அறையைத் திறந்து, பெட்டியைப் பழைய வேகத்தில் ஓடவிட்டு, ஒரு முறம் கொட்டையோடு உட்கார்ந்தேன். உன் மூலையில்தான். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சுகமாகவே இருந்தது. கை போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கறுத்த கொட்டையும் பழுப்புக் கொட்டையும் ஒன்று போலத் தெரிய ஆரம்பித்தன. கண்ணைக் கசக்கினேன். அந்த இடைவெளியில் இரண்டு டம் போய்விட்டது, கை பதறிப் பிடிக்க ஓடியது. தலையைத் தூக்கி வெளியே பார்க்கலாம்தான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் தூக்குவது? அது முடிந்தால்தானே தூக்குவதற்கு. அது முடியவே இல்லை. அடுத்த சுற்று, அடுத்த சுற்று என்று கழுத்தைப் பிடித்து முறத்துக்குள் அழுத்தியது. எழுந்தபோது கதவு நிலை இரண்டாகத் தெரிந்தது.

கிணற்றடியில் முகம் கழுவும்போதுதான், பொறுக்குகிற பெண்களுக்கு நீ கதை சொல்கிற விதம் நினைவுக்கு வந்தது.

நீ படம் பார்த்தது குறைவு, படக்கதை சொன்னது அதிகம். பாதியை நீயே கட்டிவிடுவாய். சரியாகக் கத்தியை எடுக்கிற இடத்தில், இல்லை என்றால் தாலி கட்டுகிற இடத்தில், "இருங்க புள்ளைகளா, களத்துல கொரங்கு ஏறுது" என்று எழுந்து வெளியே வந்துவிடுவாய். உள்ளே மொத்தப் பேரும் தலையைத் தூக்கி, நீ போன திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசல், களம், அதற்கு அப்பால் சவுக்கு மரங்கள், அதற்கும் அப்பால் மலை. நீ தண்ணீர் குடித்துவிட்டு ஆடி அசைந்து திரும்புவாய். "எங்க உட்டேன்?" என்பாய். எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். மறுபடி தலைகள் குனியும்.

பல நாள் களத்தில் குரங்கே இருக்காது. களத்தில் நின்ற எனக்குத் தெரியாதா? உனக்குப் பவுசு, கெஞ்ச வைக்கிறாய் என்று நினைத்தேன். கண்ணுக்காகத்தான் நிறுத்தினாயா? இல்லை, உனக்குத் தாகமெடுத்தது, அவ்வளவுதானா? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது வழியில்லை.

கவிதாவுக்குப் போன் போட்டேன். "கண்ணு, இத நடுவுல நிறுத்தி, திரும்பத் தானா ஓட வைக்க முடியுமா?"

"முடியும் மாமா. இதுக்குள்ள பதினாறு லூப்பு வெச்சுக்கலாம். ஒண்ணுக்கு அப்பறம் ஒண்ணா வரிசையாக் கோத்து உடலாம்."

"அதுல ஒண்ணு ஒண்ணுமே இல்லாம இருந்தா?"

"எம்ப்டியாவா? ஓடும், ஆனா சத்தம் வராது. எதுக்கு மாமா அது?"

"தல நிமுந்து பாக்கறதுக்கு."

கோப்பது எளிய வேலை இல்லை. ஒரே பொத்தானை அமுக்கு, மறுபடி அமுக்கு, மறுபடியும் அமுக்கு. பிறகு காலி. காலி. காலி. நடுவில் கடைக்கு ஆள் வந்து "தைலம் இருக்குங்களா" என்று கேட்டால் எத்தனை அமுக்கினோம் என்று தவறிவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வழியாக முடித்து ஓடவிட்டுப் பார்த்தேன். தாளம் போகிறது, போகிறது, நின்றுவிடுகிறது. ஆனால் சிவப்பு விளக்கு மட்டும் பொத்தானுக்குப் பொத்தான் நடந்துகொண்டே இருக்கிறது. யாரும் ஏறாத பஸ் ஊரைச் சுற்றி வருகிற மாதிரி. அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலியாக விட்ட இடத்துக்கும் அதே நேரத்தை அது ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறது. குறைத்துக்கொள்வதில்லை.

பெட்டி தயார். ஆள் இல்லை. சொன்ன மாதிரியே பொங்கலுக்குப் பிறகு ஒருத்தியும் வரவில்லை. காண்டிராக்டர் மட்டும் அளவு டேப்போடு வந்துவிட்டார். அவரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளியூர் போனேன். நான் போய்க் கூப்பிடுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். ஆள் என்னைத் தேடி வர வேண்டும். என்ன செய்வது, போனேன்.

ரோசாலி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யூனிபார்ம் சேலை, புதுசு. திங்கட்கிழமையிலிருந்து ரிசார்ட்டுக்குப் போகிறாளாம்.

"வாங்க தம்பி. பொட்டிக்கு ஒடம்பு தேவலைங்களா?"

"தேவலைங்க்கா. இப்ப நடுநடுவுல நிக்குது."

"நிக்குதுங்களா? ரிப்பேருங்களா?"

"நாந்தான் நிக்க வெச்சேன். பொங்கலன்னிக்கு ஒரு நேரம் ஒக்காந்து பாத்தனுங்க. கண்ணு ரெண்டும் போச்சு."

அவள் கையில் இருந்த துணியைக் கொடியில் போடாமல் என்னைப் பார்த்தாள். "நீங்க ஒக்காந்து பொறுக்குனீங்களா?"

"ஆமாங்க்கா."

"எத்தன மொறம்?"

"ஒண்ணுகூட முடிக்கல."

அதற்கு அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. துணியை உதறிப் போட்டுவிட்டு, "பொட்டி எங்க பக்கம் இருக்கோணும். திருகு எங்க கையில. நீங்க தொடப்படாது" என்றாள். சரி என்றேன். "எனக்குப் புடிக்கலைன்னா ஒரே நாள்தான்" என்றாள். அதற்கும் சரி என்றேன். இவ்வளவு மோசமாக நான் பேரம் பேசியதில்லை. பதிலுக்கு எதையுமே கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். ரோசாலி, செல்வி, கூட இரண்டு பேர். பெட்டியை ரோசாலி மடிக்குப் பக்கத்தில் வைத்தேன். திருகை மொத்தமாகக் குறைத்து, கொஞ்சம் கூட்டி, தலையை ஆட்டி அவளே ஒரு வேகம் வைத்தாள். நான் வைத்ததைவிடக் கொஞ்சம் மந்தம். பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

தாளம் போயிற்று. நின்றது. நாலு தலையும் மேலே வந்தன. வாசலைப் பார்த்தார்கள். வாசலில் நான் நின்றிருந்தேன். யாரும் பேசவில்லை. அந்த அமைதி நான் போட்டதுதான், ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை. மறுபடி தாளம் வந்தது. தலைகள் குனிந்தன. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை தாளம் நின்றதும், நான் என்னை அறியாமல் பெருமூச்சு விட்டுவிட்டேன் போல.

செல்வி என் மேலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள், "பாருங்க, பொட்டி நின்னாத்தான் மொதலாளிக்கே மூச்சு வருது."

முதலில் ரோசாலிதான் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு எல்லோரும். நீ போன பிறகு அந்த அறையில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"அதெல்லாமில்ல, எங்க மாமியாளும் இப்புடித்தானுங்க்கா" என்று செல்வி ஆரம்பித்தாள். அவள் மாமியார் ரேஷன் கடை வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மயக்கம் போட்ட மாதிரி விழுந்த கதை. பாதி சொல்வதற்குள் தாளம் திரும்ப வந்துவிட்டது. டம் டக். செல்வி நிறுத்திக்கொண்டாள்.

ரோசாலி பெட்டியை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், அணைத்தாள். "அது கெடக்குது. நீ சொல்லு புள்ள, உளுந்து அப்பறம்?"

நான் கடைக்குப் போய்விட்டேன். காண்டிராக்டருக்குப் போன் செய்து, ரூம் வேலை இப்போது இல்லை என்றேன். ஏரி தெரிகிற இடம் வீணாகப் போகிறது என்றார். போகட்டும் என்றேன்.

ரோசாலி ரிசார்ட்டுக்குப் போகவில்லை. அந்த யூனிபார்ம் சேலையை மகளுக்குக் கொடுத்துவிட்டாளாம், மகள் போகிறாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். காலையில் பெட்டி ஓடும். யாராவது பேச ஆரம்பிக்கிற வரைக்கும் ஓடும். சில நாள் டீ வருவதற்குள் அணைந்துவிடும். சில நாள், யாராவது வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால், மத்தியானம் வரைக்கும் கேட்கும். பெட்டிக்கென்று கூடுதலாக வாங்கிய பேட்டரி அப்படியே கிடக்கிறது. லாபமா நஷ்டமா என்று கேட்டால் இரண்டும் இல்லை. வேலை நீ இருந்தபோது எவ்வளவோ அவ்வளவு. என் திருகு வேகம் வரவில்லை. ஆனால் மூட்டை எதுவும் திரும்பி வரவில்லை.

நான் லூப்பு போடுவதை விடவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போடுகிறேன். மிளகைத் தட்டில் சிந்தவிட்டு ஒன்று செய்தேன். கவிதா கேட்டுவிட்டு, மாமா இது நெஜமாவே நல்லா இருக்கு என்றாள். அந்தப் பெண் பொய் சொல்ல மாட்டாள், உன் மகளாக இருந்தும். வாரம் ஒன்று புதிதாகப் போட்டு ரோசாலியிடம் கொடுக்கிறேன். பிடித்தால் வைத்துக்கொள்கிறாள். பிடிக்காவிட்டால், "இது வேண்டாங்க தம்பி, வயிறு பொரட்டுது" என்று திருப்பிக் கொடுக்கிறாள்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். உள்ளே சிரிப்புக் கேட்கிறது. நான் வாசலுக்குப் போனால் சட்டென்று நின்றுவிடுகிறது. எல்லோரும் முறத்தைப் பார்க்கிறார்கள். செல்வியின் தோள் மட்டும் குலுங்குகிறது. என்னைப் பற்றித்தான், வேறு யாரைப் பற்றி? நீ இருந்த காலத்தில் களத்தில் நின்றுகொண்டு எத்தனையோ தடவை இதே சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். உன் படக்கதைக்குச் சிரிக்கிறார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பற்றித்தானா?

சரி, இருக்கட்டும். நான் வியாபாரம் செய்கிற வரைக்கும் அந்த அறை இருக்கும். நீயும் அவர்களுமாக உள்ளே என்ன பேசுகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். இருமிவிட்டுத்தான் வாசலுக்கு வருவேன்.

உன் கூடப்பிறந்தவன்,
குமரேசன்